பொதுக்குழுவின் வாக்கைப் பறிக்காதீர்கள்: எங்கள் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

போன வாரம் வந்த உங்கள் சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டேன். அடுத்த மாதம் கூடும் சிறப்புப் பொதுக்குழுவில் நம் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதியைத் திருத்தப் போகிறீர்கள். அது நிறைவேறினால் உறுப்பினர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்போம், அதோடு எங்கள் பங்கு முடிந்தது. பராமரிப்புக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்துவது, யாரோடு எத்தனை வருட ஒப்பந்தம் போடுவது, பொது இடத்தை விற்பதா குத்தகைக்கு விடுவதா, சங்கத்தின் பெயரில் கடன் வாங்குவதா எல்லாமே அந்த ஒன்பது பேர் கையில். எங்களுக்குத் தகவல் மட்டும் வரும். இதை என்னால் ஏற்க முடியாது, வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதிவிட்டு நகரவும் முடியவில்லை. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இந்த மடல்.

சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் வாக்களிக்கும் நேரடி ஜனநாயகம், பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸோடு தன் குழப்பத்தால் செத்துப்போன ஏற்பாடு, இன்று உலகமே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் நடக்கிறது, மக்களிடம் நேரடியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பிரெக்ஸிட்டைப் பாருங்கள், தவிர உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதும் இல்லை. நீங்கள் காரணம் சொன்னதை மதிக்கிறேன். அந்தக் காரணங்களுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் நான்கு வருடம் அந்தக் குழுவில் இருந்தவன். நள்ளிரவில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் நானூறு வீட்டையும் எழுப்பி வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று தெரியும். வேலை முடிந்து களைத்து வந்து, சம்பளம் இல்லாமல், திட்டு மட்டும் வாங்கிக்கொண்டு கணக்குப் பார்ப்பது எவ்வளவு பாரம் என்றும் தெரியும். அன்றாட வேலையைச் செய்ய நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொதுக்குழு தப்பே செய்யாது என்றும் சொல்ல வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறுநாள் மாலையே கூடினோம். ஆளாளுக்குக் கத்தினோம், நாற்பது நிமிடத்தில் இரவுக் காவலாளியை வேலையை விட்டு அனுப்பத் தீர்மானம் போட்டோம். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கை தூக்கினேன். நான்கு நாள் கழித்து, திருட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று காவல்துறை சொன்னது. தேடிப் போனோம், மன்னிப்புக் கேட்டோம், அவர் திரும்பி வரவில்லை. அன்று தூக்கிய கையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆகவே, கூட்டமாகச் சேர்ந்தால் மனிதர்கள் அவசரப்படுவார்கள் என்று நீங்கள் சொல்லும்போது நான் மறுக்கவில்லை. நானே அதற்குச் சாட்சி.

ஆனால் அதற்கு மருந்து என்ன என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நீங்கள் ஏதென்ஸை இழுத்ததால் அங்கிருந்தே சொல்கிறேன். கி.மு. 427-ல் மிட்டிலீன் என்ற நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. கோபத்தில் கூடிய ஏதென்ஸ் மக்கள் சபை, அந்நகரின் வயதுவந்த ஆண்கள் எல்லோரையும் கொன்றுவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்க வேண்டும் என்று முடிவெடுத்து, ஆணையோடு ஒரு கப்பலை உடனே அனுப்பியது. இரவு கடந்ததும் பலருக்கு மனம் உறுத்தியது. மறுநாளே சபை மீண்டும் கூடி, இரண்டு தரப்பையும் கேட்டு, மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிவை மாற்றியது. புதிய ஆணையோடு அனுப்பிய இரண்டாவது கப்பலின் துடுப்பு வலிப்பவர்கள் துடுப்பை விடாமல், வலித்துக்கொண்டே சாப்பிட்டுப் போனார்கள். முதல் ஆணை அங்கே வாசிக்கப்பட்டு, நிறைவேற்றத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று கருதப்பட்டவர்கள் அப்போதும் கொல்லப்பட்டார்கள், அதை மறைக்கவில்லை, ஆனால் நகரம் பிழைத்தது. அதே சபை கி.மு. 406-ல், ஒரு கடற்போரில் ஜெயித்து வந்த தளபதிகளை, புயலில் தத்தளித்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று சொல்லி, தனித்தனி விசாரணைகூட இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனைக்கு அனுப்பியது. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பிறகு வருந்தினார்கள், பலன் இல்லை. இரண்டு சம்பவத்திலும் முடிவெடுத்தது மக்கள்தான். முதல் தடவை மறுபடி யோசிக்க ஒரு இரவு கிடைத்தது, இரண்டாம் தடவை அதை யாரும் கொடுக்கவில்லை. நம் காவலாளிக்கும் நாம் அந்த ஒரு இரவைக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், ஏதென்ஸில் எல்லோரும் எல்லாவற்றையும் தெருவில் நின்று முடிவு செய்தார்கள் என்பதும் சரியில்லை. பத்துக் குலங்களிலிருந்து ஐம்பது ஐம்பது பேராகச் சீட்டுக் குலுக்கி எடுத்த 500 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. சபைக்கு வரும் விஷயங்களை முன்கூட்டியே ஆராய்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தது அதுதான். சட்டத்துக்கு விரோதமான தீர்மானத்தை ஒருவர் கொண்டுவந்து நிறைவேற்றினால், பிறகு அவர்மேல் வழக்குப் போட வழி இருந்தது. வேலையைச் சிலரிடம் கொடுத்துக் கடைசிச் சொல்லைச் சபையிடம் வைத்திருந்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அங்கே இடமில்லை, அது பெரிய குறை. ஆனால் நீங்கள் எழுதியதுபோல அந்த ஏற்பாடு தன் குழப்பத்தால் தானே செத்துப்போகவில்லை. கி.மு. 322-ல் மாசிடோனியர்கள் போரில் வென்று அதை முடித்துவைத்தார்கள்.

இன்றைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் இருக்கிறது, அமைச்சரவை இருக்கிறது, சட்டங்களை எழுதுவது பிரதிநிதிகள்தான். ஆனால் ஒரு சட்டம் வெளியிடப்பட்ட 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையெழுத்திட்டால் அது நாட்டு மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். எண்ணிக்கை மாறியிருந்தாலும் இந்த உரிமை 1874 முதல் இருக்கிறது. பெரும்பாலான சட்டங்களுக்கு யாரும் கையெழுத்துச் சேகரிப்பதே இல்லை, அவை பாட்டுக்கு அமலுக்கு வருகின்றன. ஆனால் சேகரிக்க முடியும் என்பதாலேயே, சட்டம் எழுதுபவர்கள் முன்கூட்டியே எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். தடுக்கும் உரிமை எங்களிடம் இருந்தால் நீங்கள் எங்களிடம் வந்து பேசுவீர்கள். அது போய்விட்டால், நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், பேசுவதற்கான அவசியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்.

சாதாரண உறுப்பினர்களுக்குப் புரியாது, தங்கள் பைக்குச் சாதகமாகத்தான் வாக்களிப்பார்கள் என்ற உங்கள் கவலையில் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து கட்டண உயர்வை நாம் நிராகரித்தோம், நான்காம் வருடம் மின்தூக்கி பழுதானபோது பழுதுபார்ப்பு நிதியில் ஒன்றுமே இல்லை. கலிபோர்னியாவில் 1978-ல் வாக்காளர்கள் சொத்து வரிக்கு ஒரு விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். வீட்டின் மதிப்பை, அது கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோதான் மறுபடி கணக்கிடுவார்கள், மற்றபடி வருடத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஆனால் பின்னால் வாங்கியவர் பல மடங்கு வரி கட்டும் நிலை வந்தது. இது நேரடி வாக்கெடுப்பின் விளைவுதான். ஆனால் 2012-ல் சுவிட்சர்லாந்தில், எல்லாத் தொழிலாளர்களுக்கும் வருடத்துக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுமுறை வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே இரு தரப்பு வாதங்களும் அச்சிட்ட கையேடு ஒவ்வொரு வாக்காளருக்கும் போய்விடும். நாம் கட்டண உயர்வை நிராகரித்த அந்த மூன்று கூட்டத்திலும் மின்தூக்கியின் வயது என்ன, நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாள்கூட எங்கள் கையில் தரப்படவில்லை. அந்த மூன்றில் ஒரு வருடம் நானே குழுவில் இருந்தேன், எனக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் வருடம் ஒருமுறை வாக்காளர்கள் திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கி முடிவெடுக்கிறார்கள். 2006-ல் அங்கிருந்த 25 உள்ளாட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. கூட்டத்தில் ஒரு குடிமகன் எழுந்து மூன்றே போதும் என்றார், கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அதிகாரிகளே எதிர்பார்க்காத முடிவு. இத்தனை பெரிய மாற்றத்தை அவசரத்தில் செய்துவிட்டோமோ என்ற கேள்வி வந்தது, அடுத்த வருடம் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி கேட்டார்கள். தெளிவான பெரும்பான்மையோடு அதே முடிவு உறுதியானது. மறுபடி கேட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை, தோற்றவர்களுக்கும் அந்த முடிவு அவசரத்தில் எடுத்ததல்ல என்று தெரிந்துபோனது.

சுவிட்சர்லாந்திலும் குறை உண்டு, பெரிய குறை. பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை 1959-ல் ஆண் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள், 1971-ல்தான் நாடு தழுவிய தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்க முடிந்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் 1990 வரை அடம்பிடித்தது, கடைசியில் நீதிமன்றம்தான் தலையிட்டது. 2009-ல் மசூதிகளுக்கு மினார் கட்டத் தடை விதித்ததும் மக்கள் வாக்குதான். அதாவது பெரும்பான்மை தொடக் கூடாத சில விஷயங்கள் இருந்தாக வேண்டும். நம் சங்கத்திலும் இது நடந்திருக்கிறது. வாடகைக்கு இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பூங்காவுக்குள் வரக் கூடாது என்று ஒரு பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார்கள், அன்று கை எண்ணியிருந்தால் நிறைவேறியிருக்கும். அதை வாக்கெடுப்புக்கே விட முடியாது என்று துணைவிதியைக் காட்டி உறுதியாக நின்றவர் அன்றைய செயலாளர். அந்த நாளுக்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பிரதிநிதிகள் தேவை என்று நான் நம்புவதற்கு அது ஒரு காரணம்.

பிரெக்ஸிட் பற்றி. 2016-ல் 51.9 விழுக்காடு வெளியேற வேண்டும் என்றது, 48.1 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. எப்படி வெளியேறுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று எந்தத் திட்டமும் வாக்குச்சீட்டின் பின்னால் இல்லை. அந்த வாக்கெடுப்பை அப்படி வடிவமைத்ததும் ஒரு நாடாளுமன்றம்தான். அயர்லாந்தைப் பாருங்கள். கருக்கலைப்புச் சட்டம் என்ற, வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டும் விஷயத்தை, சீட்டுக் குலுக்கல்போலப் பொதுமக்களிலிருந்து எடுத்த 99 பேரும் ஒரு தலைவரும் கொண்ட குடிமக்கள் அவையிடம் முதலில் கொடுத்தார்கள். அவர்கள் வார இறுதிகளில் கூடி மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் இரு தரப்பினரையும் கேட்டார்கள். பிறகு அது நாடாளுமன்றக் குழுவுக்குப் போனது. வாக்கெடுப்புக்கு முன்பே, கருக்கலைப்புத் தடையை நீக்க மக்கள் ஆம் என்றால் என்ன மாதிரியான சட்டம் வரும் என்று அரசு வரைவை வெளியிட்டது. 2018 மே மாதம் 66.4 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். பிரெக்ஸிட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், கேள்வியைத் தயார் செய்யாமல் கேட்காதே என்பது. கேட்கவே கேட்காதே என்று அதை நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி பிரதிநிதிகள் பக்கம். மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் பராமரிப்பு நிறுவனம் ஒன்றோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டீர்கள். கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது. ஓய்வுபெற்ற கணக்காளரான ஓர் உறுப்பினர் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான், ஒவ்வொரு வருடமும் தொகை தானாக ஏறும் என்றும் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்றும் உள்ளே இருந்தது தெரிந்தது. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுச் சிறப்புப் பொதுக்குழு கேட்டோம். நீங்களே அந்த நிறுவனத்திடம் திரும்பிப் போய், உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி, இரண்டு விதிகளையும் நீக்கி வந்தீர்கள். உங்களில் யாரும் பணம் வாங்கவில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஒன்பது நேர்மையான மனிதர்கள் களைப்பில் ஒரே தாளை ஒரே மாதிரிப் படித்தார்கள், அவ்வளவுதான். நானூறு பேரில் யாரோ ஒருவருக்கு அந்த விதி கண்ணில் படும். புதிய துணைவிதியில் அந்த ஒருவருக்குச் செய்ய ஒன்றுமில்லை, அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும், ஒப்பந்தமோ தேர்தலையும் தாண்டி ஓடும்.

பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774-ல் தன் தொகுதியான பிரிஸ்டலின் வாக்காளர்களிடம், பிரதிநிதி தன் சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும், உங்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன் அல்ல என்று பேசினார். உங்கள் சுற்றறிக்கையின் வாதம் ஏறத்தாழ அதுதான். அந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் சொந்த அறிவைப் பயன்படுத்தியவர் வாக்காளர்கள் முன் திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது, 1780-ல் அவர் அந்தத் தொகுதியை இழந்தார். பதில் சொல்லும் இடத்தைத்தான் நீங்கள் இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு மாலைப்பொழுதாகச் சுருக்குகிறீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை, அதைக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி சீட்டில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். உங்கள் திருத்தத்தில் ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழு அங்கீகரிக்க வேண்டும் என்ற பழைய வரிகூட இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்ற குறை உண்மை. போன வருடம் இரண்டு முறை குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டும் வேலை நாளில், மூன்று நாள் முன்னறிவிப்பில், 'இதர விஷயங்கள்' என்ற நிகழ்ச்சி நிரலோடு கூட்டப்பட்டவை. வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படியிறங்க முடியாத முதியவர்கள் எப்படி வருவார்கள்? ஏதென்ஸில்கூடக் கூட்டம் குறைந்தபோது வருபவர்களுக்குக் காசு கொடுத்து வரவழைத்தார்கள். ஏழைகளும் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டுமே என்று யோசித்தார்கள். நாம் காசு கொடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வைத்தால் போதும்.

நான் கேட்பது இவை. துணைவிதித் திருத்தத்தை இப்போதைய வடிவில் திரும்பப் பெறுங்கள். அன்றாட நிர்வாகம், அவசரச் செலவு, பணியாளர் மேற்பார்வை ஆகியவை உங்களிடமே இருக்கட்டும், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் கட்டண உயர்வு, கடன், பொது இடம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம், ஆண்டுக் கணக்கு ஆகிய ஐந்தும் பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்று எழுதுங்கள். உங்கள் மற்ற எந்த முடிவையும், அறிவித்த 30 நாளுக்குள் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால், நிறுத்திவைத்து வாக்கெடுப்புக்கு விட வேண்டும். ஒருவரின் வேலையையோ வீட்டையோ பாதிக்கும் தீர்மானத்துக்கு, அவர் தரப்பைக் கேட்டபின், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு வாக்கெடுப்பு வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பொதுக்குழுவும் நீங்களும் சேர்ந்தாலும் பறிக்க முடியாது என்று சேருங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 21 நாள் முன்பே ஆவணங்களையும் இரு தரப்பு வாதங்களையும் எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யுங்கள். கணக்குகளைப் பார்க்க ஆண்டுதோறும் மூன்று உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்.

இவற்றை ஏற்க முடியாது என்றால், திருத்தத்தை அறைக்குள் கூடும் அறுபது எழுபது பேரின் கைகளை எண்ணி நிறைவேற்றாதீர்கள். இனி வாக்கே வேண்டாம் என்று முடிவெடுப்பதாக இருந்தாலும் அதை நானூறு வீடும் வாக்களித்து முடிவெடுக்கட்டும். உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலைச் சிறப்புப் பொதுக்குழுவுக்குப் பத்து நாள் முன்பாவது எல்லா நுழைவாயில்களிலும் உள்ள அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுங்கள், அதன் அருகிலேயே இந்த மடலையும் ஒட்ட அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர், இன்றும் வாக்குள்ள ஓர் உறுப்பினர்